தூங்கியவர் முகத்தில் ஒளியம்பு

எங்கள் கோளரங்கத்தில் தூங்குவது குற்றமில்லை. விளக்கை அணைத்து, நாற்காலியைச் சாய்த்து, இதமான குரலில் ஒருத்தி பேசிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் கண் சொருகாது? நவம்பர் மாதத்து விடுமுறை நாள் ஒன்றில் நாடு முழுக்கப் பல கோளரங்கங்கள், தலையணையோடு வந்து தூங்கிவிட்டுப் போங்கள் என்று ஊரை அழைத்தே தனிக் காட்சி நடத்துகின்றன. ஆனால் தூங்குவது வேறு, குறட்டை விடுவது வேறு. இசோமே சான் குறட்டை விடுவார்.

வாசலில் சீட்டு வாங்கிக் கதவைச் சாத்துவது என் வேலை. பெயர் மிசுகுச்சி, மரியாதைக்கு மிசுகுச்சி சான். கோளரங்கம் கடலைப் பார்த்த மேட்டில் இருக்கிறது. நாட்டுக்கே மணி சொல்லும் தீர்க்கரேகை எங்கள் வண்டி நிறுத்துமிடத்தின் குறுக்கே வெள்ளைக் கோடாகப் போகிறது. அதன் மேல் வண்டி நிறுத்தாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறோம். பலகைக்குக் கீழேயே நிறுத்துவார்கள். நான் போய்த் திட்டுவேன். ஊரில் எனக்கு நல்ல பெயர் கிடையாது.

இசோமே சான் செவ்வாயும் வெள்ளியும் மதியக் காட்சிக்கு வருவார். எழுபதைத் தாண்டியவர். முன்பு படகுத்துறைச் சந்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார், இப்போது கடையை மூடிவிட்டார். வருடச் சீட்டை நீட்டி, குனிந்து வணங்கி, கடைசி வரிசையில் கதவோரத்து இருக்கையில் உட்காருவார். கூரையில் சூரியன் மறைவதற்குள் அவர் தூக்கத்தில் மறைந்துவிடுவார். காட்சி முடிந்து செயற்கை விடியல் வரும்போது எழுந்து, முகத்தைத் துடைத்து, எனக்கு இன்னொரு முறை வணங்கிவிட்டுப் போவார். அத்தனை சந்தோஷமாக வெளியே போகிற பார்வையாளரை நான் வேறு பார்த்ததில்லை.

இதில் எரிச்சல்பட்டது குவாஹாத்தாதான். அவள் எங்கள் விளக்கவுரையாளர். இருட்டில் மேடை மூலையில் உட்கார்ந்து, பொத்தான்களைத் தட்டி, வானத்தைச் சுற்றவிட்டு, ஒளியம்பால் நட்சத்திரங்களைக் காட்டிப் பேசுவது அவள் வேலை. பெரிய நகரத்தில் வானியல் படித்துவிட்டு, நாலு பேருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்ற ஒரே ஆசையில் இந்தச் சின்ன ஊருக்கு வந்தவள். பதிவு செய்த குரலைப் போட்டால் போதும் என்று எத்தனையோ அரங்குகள் மாறிவிட்டன. எங்கள் அரங்கில் இன்னும் ஆள்தான் பேசுகிறது. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் கூடுதல்.

போன இலையுதிர் காலத்துக் காட்சியை அவளே எழுதினாள். நேரத்தில் தொடங்கும். "நாட்டோட மணி நம்ம ஊர் வழியாத்தான் போகுது. ஆனா சூரியன் நம்ம ஊர் மணியைக்கூட மதிக்கிறதில்லை" என்பாள். நவம்பர் தொடக்கத்தில் கடிகாரம் பன்னிரண்டு அடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே சூரியன் உச்சியைக் கடந்துவிடும். பிப்ரவரியில் கால் மணி நேரம் பிந்தும். பூமி சாய்ந்து சுற்றுகிறது, அதன் பாதையும் சரியான வட்டமில்லை. அதனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நீளும், கொஞ்சம் குறையும். அத்தனை நாட்களையும் கூட்டிச் சராசரி எடுத்துத்தான் கையில் கட்டிக்கொண்டிருக்கிறோம். இதைச் சொல்லும்போது ஜனங்கள் கைக்கடிகாரத்தைத் தடவிப் பார்ப்பார்கள்.

பிறகு பொழுது சாயும், நட்சத்திரங்கள் வரும். காலத்தை முன்னால் ஓட்டுவாள். பன்னிரண்டாயிரம் வருடம் ஓட்டினால் வட துருவத்துக்குப் பக்கத்தில் இன்றைய துருவ நட்சத்திரம் இருக்காது, வேகா இருக்கும். நூறு கோடி வருடத்தில் சூரியன் இன்னும் சூடேறிக் கடலெல்லாம் வற்றும். ஐந்நூறு கோடியில் சிவந்து, வீங்கி, பூமியை விழுங்கினாலும் விழுங்கும். பக்கத்து ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் நம் பால்வீதியோடு வந்து கலக்கலாம், கலக்காமலும் போகலாம். கலந்தாலும் நட்சத்திரமும் நட்சத்திரமும் மோதிக்கொள்வது அபூர்வம், நடுவில் அவ்வளவு வெற்றிடம். தூரத்து மண்டலங்கள் எல்லாம் விலகி விலகிக் கண்ணுக்கு எட்டாமல் போகும். புது நட்சத்திரங்கள் பிறப்பது நிற்கும். சிக்கனமாக எரியும் சின்னச் சிவப்பு நட்சத்திரங்கள் மட்டும் நினைக்கவே முடியாத காலம் மிஞ்சும். அவையும் ஒவ்வொன்றாக அணையும்.

கடைசியாக ஒரே ஒரு சிவப்புப் புள்ளியைக் கூரையில் விட்டு வைப்பாள். "இதுதான் கடைசி நட்சத்திரம்" என்று சொல்லிவிட்டு அதையும் அணைப்பாள். அப்புறம் கொஞ்ச நேரம் முழு இருட்டு, முழு அமைதி. அந்த அமைதிக்காகத்தான் முழுக் காட்சியையும் எழுதியிருந்தாள். சரியாக அந்த இடத்தில் கதவோரத்திலிருந்து குறட்டை வரும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

"மிசுகுச்சி சான், அந்த மனுஷனை நீங்க உள்ள விடாம இருக்க முடியாதா?" என்று ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

"வருஷச் சீட்டு வெச்சிருக்கார். நான் யார் தடுக்க?"

"பிரபஞ்சமே செத்துக்கிட்டிருக்கு. அவருக்குக் குறட்டை."

"அவருக்கு வயசு எழுபது தாண்டியாச்சு. பிரபஞ்சம் சாகறதைப் பத்தி அவரு ஏன் கவலைப்படணும்? வேணும்னா ஒரு நாள் உன் விளக்கை அவர் மூஞ்சியில அடிச்சுப் பாரு" என்றேன். வாய்தான் எனக்கு எப்போதும் முன்னால் போகும். சோற்றை மென்றுகொண்டே சொன்னது அது.

அக்டோபர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பியோடு வரிசையாக வந்தார்கள். அன்று குறட்டை சீக்கிரமே தொடங்கிவிட்டது. சூரியன் வீங்கும்போதே பிள்ளைகள் கிசுகிசுத்தார்கள். கடல் வற்றும்போது ஒருவன் குறட்டை விட்டுக் காட்டினான். ஆசிரியை அதட்டியும் பயனில்லை. கடைசி நட்சத்திரம் வந்தபோது யாரும் கூரையைப் பார்க்கவில்லை.

குவாஹாத்தா பேச்சை நிறுத்தினாள். பிறகு ஒளியம்பு கூரையிலிருந்து இறங்கியது. வடக்கு வானம் வழியாக, எங்கள் ஊர்க் கூரைகளின் நிழலுருவம் வழியாகக் கீழே வந்து, கதவோரத்து இருக்கையில், வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்த முகத்தின் மேல் நின்றது.

"இது இன்னும் பேர் வெக்காத நட்சத்திரம். வெளிச்சம் கம்மி, சத்தம் அதிகம். பிரபஞ்சம் முடிஞ்சப்புறமும் இது முடியாது போல இருக்கு."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. பிள்ளைகள் இருக்கையில் குதித்தார்கள். ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். என் யோசனை பலித்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம் வேறு.

இசோமே சான் கண்ணில் வெளிச்சத்தோடு விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று அவருக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கையை முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். எந்தப் பக்கம் மேடை என்று தெரியாமல் இருட்டில் ஒரு பக்கமாகக் குனிந்து வணங்கினார், திரும்பி இன்னொரு பக்கமும் வணங்கினார். அதற்கும் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் கதவைத் திறந்துவிட்டேன்.

"தொந்தரவு குடுத்துட்டேன். சத்தம் வருதுன்னு எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்கணும்" என்றார் என்னிடம். காதுகள் சிவந்திருந்தன.

அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. குவாஹாத்தாவுக்கு அமைதி கிடைத்தது. "இன்னிக்கு அந்த இடத்துல ஒரு பாட்டி அழுதாங்க, பாத்தீங்களா?" என்று பூரித்துப்போய்ச் சொன்னாள். பார்த்தேன். ஆனால் கதவைச் சாத்தும்போதெல்லாம் என் கண் அந்தக் காலி இருக்கைக்குப் போனது. அவள் கண்ணும் போனது என்று பிறகு சொன்னாள்.

இரண்டாவது வாரம் மீன்கடையில் அவரைப் பார்த்தேன். கட்டைவிரலில் கட்டு. கண்ணுக்குக் கீழே கருத்துத் தொங்கியது. நான் மனுஷரைப் பார்த்ததும் நலம் விசாரிக்கிற ரகமில்லை. இருந்தாலும் கேட்டேன்.

"முள்ளங்கி நறுக்கறப்ப கண்ணை மூடிட்டேன்" என்றார், சிரித்துக்கொண்டே.

"ஏன் இப்பல்லாம் வர்றதில்லை?"

மீன்காரர் அந்தப் பக்கம் போகும்வரை அவர் காத்திருந்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். மனைவி ஃபுசாயேவுக்கு மூன்று வருடமாக நினைவு தடுமாறுகிறது. பகலில் குழந்தை மாதிரி இருப்பாள். இருட்டினால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிடுவாள். இதுதான் வீடு என்றால் கேட்க மாட்டாள். தாழ்ப்பாளைத் திறப்பாள், ஜன்னலில் ஏறுவாள். அவர் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார். செவ்வாயும் வெள்ளியும் பகல் பராமரிப்பு நிலையத்து வேன் வந்து அவளைக் கூட்டிப்போகும். அந்தச் சில மணி நேரம்தான் அவருக்கு.

"அப்ப வீட்டுலயே படுத்துத் தூங்கலாமே?"

"தூக்கம் வர்றதில்லை. காது கதவுகிட்டயே நிக்குது. அவ இல்லைன்னு தெரிஞ்சாலும் நிக்குது." குவாஹாத்தாவை அவர் ஆசிரியை என்ற மரியாதையில் சென்செய் என்றுதான் சொல்வார். "உங்க இடத்துல நீங்க கதவைச் சாத்திடறீங்க. அப்புறம் சென்செய் பேச ஆரம்பிக்கிறாங்க. ஒருத்தர் முழிச்சுப் பேசிக்கிட்டிருக்காங்கன்னா நான் முழிச்சிருக்க வேண்டியதில்லைன்னு உடம்புக்குத் தெரிஞ்சுடுது. வானத்தை அவங்க பாத்துக்குவாங்க."

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள். இந்த மனிதரின் நித்திரைக்கு மட்டும் ஒரே ஒரு இடம் தெரிந்திருந்தது. அந்த இடத்திலிருந்து அவரைத் துரத்தியிருந்தோம்.

கையிலிருந்த மீனோடு நேராகக் கோளரங்கத்துக்கு ஏறினேன். குவாஹாத்தா மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதையும் பூசி மெழுகாமல் சொன்னேன். அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"நான் அவர் முகத்துல அம்பை வெச்சேனே" என்றாள்.

"வெச்ச. வெக்கச் சொன்னது நான்."

"நீங்க விளையாட்டுக்குச் சொன்னீங்க. நான் விளையாட்டுக்கு வெக்கலை."

கோளரங்கத்துக்கு விடுமுறையான திங்கட்கிழமை, சிவப்புப் பயறு வைத்த மோச்சி என்னும் அரிசி அப்பப் பெட்டி ஒன்றை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டு இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். மூடிய கடைக்குப் பின்னால் வீடு. அவரே கதவைத் திறந்தார். பின்னால், நடையில், தலை அழகாக வாரப்பட்ட ஒரு அம்மா உட்கார்ந்து துண்டுகளை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து போய்விடாதபடி அவளுடைய இடுப்புக் கச்சையின் நுனி அவர் கையில் இருந்தது.

குவாஹாத்தா நெற்றி முழங்காலைத் தொடும் அளவுக்குக் குனிந்தாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"அன்னிக்கு... கை தவறிடுச்சு. அம்பு உங்க பக்கம் வந்துடுச்சு. அதைச் சமாளிக்க எதையோ சொல்லிட்டேன். ரொம்பத் தப்பு."

"ஐயையோ, நான்தான் மன்னிப்புக் கேக்கணும், சென்செய்" என்று அவரும் குனிந்தார். "நீங்க உயிரைக் குடுத்துப் பேசறீங்க. நான் குறட்டை விட்டுக் கெடுத்திருக்கேன். இத்தனை நாள் தெரியாமலே வந்துக்கிட்டிருந்தேன்."

"வாங்க. தயவுசெஞ்சு மறுபடி வாங்க. எப்படி வேணும்னாலும் தூங்குங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "வந்து என்ன பண்றது? இனிமே அங்க கண்ணை மூடினா சத்தம் போடறோமான்னுதான் தோணும். அது தோணினா தூக்கம் வராது."

உள்ளேயிருந்து ஃபுசாயே சான், "வந்தவங்களுக்கு முடி வெட்டி விடலையா?" என்று கேட்டாள். அவர், "வெட்டியாச்சு, அழகா இருக்காங்க பாரு" என்றார். பெட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

மேடு ஏறும்போது குவாஹாத்தா நின்றாள். "பொய் சொல்லிட்டேன், மிசுகுச்சி சான். மன்னிப்புக் கேக்கப் போன இடத்துல பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"திரும்பிப் போய்ச் சொல்றியா?"

அவள் போகவில்லை. நானும் இழுக்கவில்லை. அவரைத் தூங்க வைப்பதுதான் முக்கியம், உண்மை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

நாடு முழுக்கத் தூக்கக் காட்சி நடக்கும் அந்த விடுமுறை நாளில் பராமரிப்பு வேன் ஓடாது. அதனால் குவாஹாத்தா கோளரங்கத் தலைவரிடம் போய், நவம்பர் இரண்டாம் வெள்ளிக்கிழமை மதியக் காட்சியை ஊர்க்காரர்களுக்கான தூக்கக் காட்சி ஆக்க அனுமதி கேட்டாள். தலைவர் வராதவர்களை வரவைக்கிற எதற்கும் சரி சொல்வார். வாசலில் பலகை வைத்தோம்: இன்று குறட்டைக்குத் தடையில்லை. நான் தெரிந்தவர்களில் குறட்டைக்குப் பேர்போன ஆட்களாகப் பார்த்து அழைத்தேன். என் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான். அத்தனை பேர் சத்தத்தில் இவர் சத்தம் கரைந்துவிடும் என்பது கணக்கு. அவள் காட்சியையே மாற்றினாள். பிரபஞ்சத்தின் முடிவை எடுத்துவிட்டு, முழுக்க முழுக்க ஒரு குளிர்கால இரவு மெல்ல நகர்வதை மட்டும் வைத்தாள். அவளுக்கு உயிரான பகுதியை அவளே வெட்டி எறிந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை நான் போய் இசோமே சானிடம் சொன்னேன். மீன்கடைக்காரரும் வருகிறார், பள்ளிக்கூடத்துக் காவலாளியும் வருகிறார், எங்கள் வீட்டுக்காரர் வந்தால் கூரையில் நட்சத்திரம் உதிரும் என்றேன். வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்ப வரேன். வெள்ளிக்கிழமை கட்டாயம் வரேன்" என்றார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தார். விட்டால் விழுந்துவிடுவார் போலிருந்தது. மூன்று நாள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மாலை கடைசிக் காட்சி முடிந்து இருவரும் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தோம். ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் வழக்கமான மெட்டு வாசித்தது. பிள்ளைகள் வீடு திரும்புவதற்கான மெட்டு. அது முடிந்ததும் ஒலிபெருக்கி அணையவில்லை. கரகரத்துவிட்டுப் பேசியது.

"நகராட்சியிலிருந்து அறிவிப்பு. படகுத்துறைப் பகுதியிலிருந்து எழுபத்தொரு வயதுப் பெண்மணி ஒருவரைக் காணவில்லை. ஒல்லியான உடல். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. காலில் காலுறை மட்டும். பார்த்தவர்கள் தகவல் தரவும்."

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. குவாஹாத்தா என்னைப் பார்த்தாள். மேல்சட்டையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

படகுத்துறையில் தீயணைப்புக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கூடியிருந்தார்கள். இருட்டிவிட்டது, காற்று கடலிலிருந்து வெட்டியது. இசோமே சான் ஒரு பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மாலை நடக்கக் கூட்டிப்போக நினைத்திருக்கிறார். வாசற்படியில் குந்தி அவளுக்கு ஒரு காலில் செருப்பைப் போடக் கையில் எடுத்திருக்கிறார். எடுத்த நிலையிலேயே தூங்கிவிட்டார். விழித்தபோது செருப்பு கையில் இருந்தது, கால் இல்லை.

"கண்ணை மூடினதே தெரியலை. மூடினதே தெரியலை" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

குவாஹாத்தா சந்து சந்தாக ஓடினாள். அரங்கில் அத்தனை நிதானமாகப் பேசுகிறவள், "ஃபுசாயே சான், ஃபுசாயே சான்" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். எழுநூறு, எண்ணூறு அடி தள்ளி அலைத்தடுப்புச் சுவரின் அடியில் வலை காயப்போடுகிற இடத்தில் அந்த அம்மா கிடந்தாள். உயிர் இருந்தது. இடுப்பு முறிந்திருந்தது. தூக்குக்கட்டிலில் ஏற்றும்போது, "வீடு இங்கதான் இருந்துச்சு" என்று மரியாதையாக மன்னிப்புக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமைத் தூக்கக் காட்சி நடந்தது. பலகையை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மீன்கடைக்காரரும் காவலாளியும் என் வீட்டுக்காரரும் மாடு மாதிரி குறட்டை விட்டார்கள். கதவோரத்து இருக்கையில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

குவாஹாத்தாவுக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. நான் தேற்றாமல் இல்லை. மூன்று வருடம் தூங்காதவர் என்றைக்காவது ஒரு நாள் கண்ணசரத்தான் செய்வார் என்றேன். அந்த மூன்று வாரம் எங்களிடம் வந்து தூங்கியிருந்தாலும் இது நடந்திருக்கலாம். நடக்காமலும் இருந்திருக்கலாம். இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது, அதுதான் கொடுமை.

"நூறு லட்சம் கோடி வருஷத்துக்கு அப்புறம் என்ன ஆகும்னு நான் சொல்றேன்" என்றாள். "என் முன்னால இருந்த மனுஷன் ஏன் தூங்கறார்னு ஒரு வார்த்தை கேக்கலை."

"நானும் கேக்கலை. ரெண்டு தடவை கும்பிடுவார், நான் சீட்டைக் கிழிச்சுக்கிட்டு நிப்பேன்."

புத்தாண்டு முடிந்து, அரிசி அப்பங்களெல்லாம் தீர்ந்து, ஊர் பழைய நிலைக்கு வந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை இசோமே சான் வந்தார். கட்டு அவிழ்ந்த விரல், மழித்த முகம், தெளிந்த கண்கள். பத்து வயது குறைந்திருந்தது.

"அவங்க எப்படி இருக்காங்க?"

"மலைக்கு அந்தப் பக்கம் ஒரு இல்லத்துல இருக்கா. எலும்பு கூடிடுச்சு, ஆனா எழுந்திருக்கிறதில்லை. இனிமே எங்கயும் கிளம்ப மாட்டா. என்னை யாருன்னு கேப்பா. முடி வெட்ட வந்திருக்கேன்னு சொல்வேன், தலையைக் குடுப்பா." சீட்டை நீட்டினார். "நான் ராத்திரி பூரா தூங்கறேன், மிசுகுச்சி சான். அவ இல்லாத வீட்டுல அப்படித் தூங்கறேன். வெக்கமா இருக்கு."

நான் கதவோரத்து இருக்கையைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார்.

"இன்னிக்கு நடுவுல உக்காந்துக்கறேன். வானம் முழுசாத் தெரியணும்."

மேடையிலிருந்து குவாஹாத்தா அவரைப் பார்த்துவிட்டாள். அன்று பழைய காட்சிதான் ஓட வேண்டிய நாள். அவள் நேரத்தில் தொடங்கினாள். குரலை வழக்கத்தைவிடத் தணித்தாள். சூரியனை மெல்ல இறக்கினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே இடைவெளி விட்டாள். அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவரைத் தூங்க வைக்கப் பார்த்தாள்.

அவர் தூங்கவில்லை. வெளியேறும் வழிகாட்டும் பச்சை விளக்கின் ஓரத்தில் அவர் முகம் எனக்குத் தெரிந்தது. கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சராசரி நேரத்துக்குத் தலையை ஆட்டினார். வேகா நகர்ந்து வந்தபோது புன்னகைத்தார். கடல் வற்றியது, சூரியன் வீங்கியது, மண்டலங்கள் விலகின, சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் போயின. "இதுதான் கடைசி நட்சத்திரம்" என்று சொல்லி அவள் அதை அணைத்தாள்.

அவள் ஆசைப்பட்ட அமைதி அன்றைக்குத்தான் சுத்தமாகக் கிடைத்தது. ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. எங்கிருந்தாவது ஒரு குறட்டை வராதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மேடையிலிருந்து விசும்பல் மாதிரி ஏதோ கேட்டது. வழக்கத்துக்கு முன்பே விடியல் வந்துவிட்டது.

ஜனங்கள் கலைந்த பிறகு அவள் இறங்கி வந்து அவர் முன்னால் நின்றாள். குனிந்தவள் நிமிரவேயில்லை.

"அன்னிக்கு கை தவறலை, இசோமே சான். வேணும்னேதான் உங்க முகத்துல வெச்சேன். கோவத்துல வெச்சேன். உங்க வீட்டுக்கு வந்து பொய் சொன்னேன்."

"தெரியும், சென்செய்."

கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. மடியிலிருந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார்.

"இத்தனை நாள் வந்திருக்கேன், கடைசியில என்ன ஆகும்னு கேட்டதே இல்லை. இப்படி எல்லாம் அணைஞ்சு இருட்டா முடியும்னு தெரியாது. நல்லாச் சொல்றீங்க." தொப்பியைப் போட்டுக்கொண்டார். "வர்ற வெள்ளிக்கிழமையும் வரேன். இனிமே நான் முழிச்சுத்தான் இருப்பேன், நீங்க தயங்காம பேசுங்க."

அவள் குனிந்தபடியே நின்றாள். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். அவர் எனக்கு ஒரு முறை வணங்கிவிட்டு வெளியே போனார்.